கிழவன் படுக்கவில்லை

அந்தக் குதிரை லாயத்தில் அண்ணிக்குப் பிடித்த மனிதர் என்று ஒருவர்கூடக் கிடையாது. முறைப்படி அவளை அண்ணி என்று கூப்பிட வேண்டியவன் அங்கே வேலை பார்க்கும் கொழுந்தன் ஒருவன்தான். அவனைப் பார்த்து முதலாளி உட்பட எல்லோரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அதிலும் அவளுக்கு எரிச்சல்தான். "இத்தனை கொழுந்தனுங்களை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? ஒருத்தனுக்காவது ஒழுங்கா பெருக்கத் தெரியுதா?" என்பாள்.

அவள் சுத்தம் வேறு ரகம். காலையில் வந்ததும் தன் பக்கத்துக் கொட்டடிகளில் குதிரைகளுக்குப் படுக்கையாகக் கிடக்கும் மரச்சீவலைத் துணுக்கு விடாமல் வாரித் தள்ளுவண்டியில் போட்டுவிடுவாள். லத்தி, ஈரம், காய்ந்தது என்ற பேதமெல்லாம் கிடையாது. பிறகு கழுவி, தேய்த்து, மறுபடியும் கழுவி, சிமெண்டுத் தரை முகம் பார்க்கிற மாதிரி ஆன பிறகுதான் புதுச் சீவல். தினமும் எல்லாவற்றையும் கொட்டினால் எவ்வளவு வந்தாலும் பற்றுமா? மெல்லிசாகத் தூவத்தான் முடியும். அது ஒரு குறையாகவே அவளுக்குப் படவில்லை.

எதிர்ப்பக்கம் கொழுந்தனுடையது. அவன் லத்தியை எடுப்பான், நன்றாக நனைந்த இடத்தை மட்டும் தோண்டி எறிவான், மேலே காய்ந்த சீவலைக் கொட்டி மிதித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அடியில் கிடப்பது மாதக்கணக்கில் இறுகிக் கெட்டி மெத்தையாகியிருந்தது.

"துரைக்கு இடுப்பு வளையாதோ? உன் அண்ணனும் இப்படித்தான். ரெண்டு பேரையும் ஒரே சோம்பல்ல பெத்துப் போட்டுட்டாங்க உங்கம்மா."

"இருக்கட்டும் அண்ணி," என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உலகத்தில் அவள் வாயில் விழாத ஒரே உயிர் அவள் பக்கத்தில் இருந்த வயதான குதிரை. கிழவன் என்று அதற்குப் பெயர் வைத்ததும் அவள்தான். கொஞ்ச நாளாகக் கிழவன் படுப்பதே இல்லை. நின்றபடியே கண் சொருகுவான், முன்னங்கால் மடங்கும், முட்டி தரையில் இடித்ததும் திடுக்கிட்டு எழுவான். இரண்டு முட்டியும் புண்ணாகிவிட்டன.

முதலாளி பார்த்துவிட்டுச் சொன்னார். "பிள்ளைங்க ஏறுற குதிரை, அண்ணி. இப்படி விழுந்தா யாருக்குப் பதில் சொல்றது? இந்த வாரத்துக்குள்ள சரியாகலேன்னா லாரியை வரச் சொல்லிடுவேன்."

லாரியில் ஏறிய குதிரை எதுவும் திரும்பி வந்ததில்லை.

அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை. வைக்கோல் போட்டாள், கிழவன் படுக்கையைத் தின்று தீர்த்தான். கிழித்த காகிதம் போட்டாள். நனைந்து கூழாகிக் குளம்பில் அப்பிக்கொண்டது. சீவல் கொண்டுவருகிறவனை வாசலிலேயே நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். கடைசியில் சீவலுக்கே திரும்பி, தரையை முன்னைவிடப் பலமாகத் தேய்த்தாள். "அழுக்குல படுக்க அவன் என்ன உங்க ஜாதியா?" என்று எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு அதட்டல் வேறு.

அப்போதும் கிழவன் படுக்கவில்லை.

வாரம் முடிகிற சமயம். கிழவனின் கொட்டடியைக் கிருமி மருந்து ஊற்றிக் கழுவிவிட்டாள். தரை காய நேரமாகும். வெளியே தூறல். காலியாக இருந்தது கொழுந்தனின் கொட்டடி ஒன்றுதான். "கொஞ்ச நேரம் பொறுத்துக்கடா ராசா, மூக்கைப் பொத்திக்க," என்று கிழவனை அங்கே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது அரைக்கதவுக்கு மேலே தலை தெரியவில்லை. விழுந்துவிட்டான் என்றே ஓடினாள்.

கிழவன் கால்களை நீட்டி, கீழுதடு தொங்க, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"எழுப்பாதீங்க அண்ணி." டீ டம்ளரோடு கொழுந்தன் பின்னால் நின்றான். "அவனுக்குக் காலெல்லாம் வலி. உங்க தரையில குளம்பு ஊன மாட்டேங்குது, வழுக்குது. எந்திரிக்க முடியாதுன்னு தெரிஞ்சா யாரு படுப்பா?"

"தெரிஞ்சும் இத்தனை நாளா வாயைத் தைச்சு வச்சிருந்தியா?"

"ரெண்டு தடவை சொன்னேனே அண்ணி. சோம்பேறிப் பேச்சுன்னு விரட்டிட்டீங்க."

சொன்னான்தான். அந்த முட்டிப் புண்ணுக்குத் தினமும் மருந்து தடவியது அவள், புண்ணாக்கியதும் அவள்தான். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

நெடுநேரம் கழித்துக் கிழவன் முன்னங்காலை ஊன்றி, ஒரு உந்தில் எழுந்து நின்றான். வழுக்கவில்லை. அண்ணி தன் கொட்டடிக்குப் போய் அவனுடைய தலைக்கயிற்றையும் தண்ணீர் வாளியையும் கொண்டுவந்து கொழுந்தன் கையில் கொடுத்தாள்.

"இனி இவனை நீ பாத்துக்க."

"எதுக்கு அண்ணி? உங்க பக்கமே இப்படிக் கெட்டியா மெத்தை போட்டுக்கலாம். நான் காட்டுறேன்."

"காட்டுவே. நாலு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்பேன். அப்புறம் என் கை சும்மா இருக்காது." கிழவனின் நெற்றியை ஒரு தடவை தடவினாள். "நான் துடைப்பத்தோட வந்தா உள்ளே விடாதே. கெஞ்சினாலும் விடாதே."