சமாதியில் ஒரு விரிசல் கப்

ஏழெட்டு வருஷம் முன்னால் என் மேல் விழுந்து செத்தவரைப் போன வாரம் வேப்பூரில் பார்த்தேன். நன்றாக இருக்கிறார். கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது.

பஸ்ஸைச் சாப்பாட்டுக்காக ஓரம் கட்டியிருந்தார்கள். டீக்கடையில் ஒருவர், அடுக்கி வைத்திருந்த பீங்கான் கப்புகளில் ஒன்றை எடுத்து, நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். "இது வாணாம்ணே, இதுல ஊத்துங்க" என்று வேறொன்றை நீட்டினார். கடைக்காரர் முறைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது... விருத்தாசலத்து ஆள். முகத்தைப் பார்த்தால், நம்ம செல்வராசு!

விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனிகளில் வேலை பார்த்த யாரும் கப்பைச் சுண்டாமல் வாயில் வைக்க மாட்டார்கள். 'டிங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் விரிசல். சம்பந்தி வீட்டில்கூட சுண்டுவார்கள். அதனால் வந்த மனஸ்தாபங்கள் தனிக்கதை.

செத்த கதைக்கு வருகிறேன்.

அப்போது அங்கே ஒரு கம்பெனியில் நான் ஸ்டோர் கிளார்க். ஆயுத பூஜைக்கு நாடகம் போட்டோம். உங்களுக்குத் தெரிந்த கதைதான். பகையாளிக் குடும்பத்துப் பையனும் பெண்ணும் காதலிக்கிறார்கள். பெண் மயக்க மருந்து குடித்துவிட்டு, செத்தவளைப் போல சமாதியில் கிடக்கிறாள். காதலன் ஓடி வந்தால், அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை அங்கே நிற்கிறான். கத்திச் சண்டை. மாப்பிள்ளை சாகிறான். காதலன் விஷம் குடித்துச் சாகிறான். பெண் கண் விழித்து, அவனைப் பார்த்து, அவளும் சாகிறாள்.

அந்தப் பெண் நான்தான். கம்பெனியில் மீசை இல்லாத ஒரே ஆம்பளை. புடவை என் மனைவியுடையது.

காதலன், கப் வார்க்கும் செல்வராசு. மாப்பிள்ளை, சூளை அடுக்கும் தனபால். இதில் ஒரு சின்னச் சிக்கல். சூளை மேஸ்திரியின் மகள் மல்லிகா, கப் தரம் பிரிக்கும் பிரிவில் இருந்தாள். அவளும் செல்வராசுவும் விரும்பியது மேஸ்திரியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரியோ அவளைத் தன் அக்கா மகன் தனபாலுக்குப் பேசி வைத்திருந்தார். வேஷம் பிரித்த நாடக வாத்தியார் திட்டக்குடிக்காரர். பாவம், அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஒத்திகையில் ஜிகினாத் தாள் ஒட்டிய மரக்கத்திதான். பூஜையன்று நான் சமாதியில் கண்மூடிக் கிடக்கிறேன். முதல் வெட்டு விழுந்தது. 'ணங்!'

மரம் எங்கேயாவது 'ணங்' என்று கேட்குமா?

லேசாகக் கண்ணைத் திறந்தேன். இருவர் கையிலும் இரும்புப் பட்டை. தனபால்தான் கொண்டுவந்து ஒன்றை செல்வராசு கையில் திணித்திருக்கிறார்.

"நீ உசுரோட போவ மாட்டடா" என்றார் தனபால். இது வசனத்தில் இருந்தது.

"மல்லிகா எனக்குப் பேசுன பொண்ணு" என்றார். இது இல்லை.

"பேசுனது ஒங்க மாமன். அவளக் கேட்டியா?" என்றார் செல்வராசு.

ணங், ணங்! என் கன்னத்தில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது. செல்வராசுவின் கை கிழிந்திருந்தது. கொலை விழப்போகிறது என்றே நம்பினேன். எழுந்து தடுப்பதற்கென்ன என்பீர்கள். இன்னும் நேராகப் படுத்துக்கொண்டேன். பிணமாக இருப்பதில் ஒரு சௌகரியம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

செல்வராசு ஓங்கி அடித்ததில் தனபாலின் பட்டை பறந்தது. இப்போது தனபால் சாக வேண்டும். சாகவில்லை.

"நா சாவ மாட்டன். தெகிரியம் இருந்தா வெட்டிப் பாரு!"

செல்வராசு பட்டையை ஓங்கினார். வாத்தியார் பதறிப்போய் மறைவிலிருந்து கத்தினார்: "விஷம்! விஷத்தக் குடிடா!"

ஒரு மாத ஒத்திகை வீண்போகவில்லை. செல்வராசுவின் கை தானாக விஷக் கப்பை எடுத்தது. ஆனால் சுண்டுவதற்கு இரண்டு கை வேண்டுமே... பட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சுண்டினார்.

'டொக்.'

முன்வரிசையில் மேஸ்திரி எழுந்துவிட்டார். "டேய், விரிசல்டா அது! வேற எடு!"

கொலைவெறியில் நின்ற அதே தனபால், விருந்து சீனுக்கு வைத்திருந்த கப்புகளில் ஒன்றை எடுத்தார். சுண்டினார். 'டிங்.' நீட்டினார். "இந்தா, இது நல்லா இருக்குது."

செல்வராசு வாங்கி, விஷத்தை அதில் ஊற்றிக் குடித்துவிட்டு என் மேல் விழுந்தார். தான் இன்னும் சாகவில்லை என்பது தனபாலுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் எழுந்து சாக வேண்டிய கட்டம் பாக்கி. செல்வராசுவின் கனத்தில் அசையவே முடியவில்லை. படுத்தபடியே செத்தேன். நல்ல கைதட்டல்.

அந்தப் பழைய கதையில் யாருக்காவது ஒழுங்கான வேலை இருந்ததா, யோசித்துப் பாருங்கள். இருந்திருந்தால் ஒருத்தராவது பிழைத்திருப்பார். கோபம் எப்போதாவது வருகிறது. கைப்பழக்கம் தினமும் வருகிறது.

மேஸ்திரி சீக்கிரமே மனசை மாற்றிக்கொண்டார். "விஷத்தயே சுண்டிப் பாத்துக் குடிக்கிறவன், எம் பொண்ணக் கண்கலங்க வுடுவானா?" தனபாலுக்குத் திட்டக்குடிப் பக்கம் மங்களூரில் பெண் எடுத்தார்கள்.

வேப்பூரில் செல்வராசுவோடு மல்லிகாவும் இருந்தாள். ரொம்ப நாள் சந்தேகத்தை அவளிடம் கேட்டேன்.

"விருந்து சீனுக்கு எல்லாமே நல்ல கப்பு. விஷத்துக்கு வெச்சது மட்டும் எப்படிம்மா விரிசலா வந்துது?"

"நாந்தான் சார், கழிச்சு வெச்ச செகண்ட்ஸ்லேர்ந்து எடுத்துக் குடுத்தன்" என்றாள். "சாவப் போறவருக்கு நல்ல கப்பு எதுக்கு சார்?"