மகளின் துப்பாக்கிக்குப் பாகங்கள் தேர்ந்த சனிக்கிழமை

என் மகளுக்கென்று தனியாக ஒரு துப்பாக்கி செய்யப் போகிறார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதலில் தெரிந்தது என் மனைவியின் தம்பிக்கு. அவன் சொல்லி மனைவிக்குத் தெரிந்தது. எனக்கு அவள் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள், ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி.

மகளுக்குப் பதினேழு வயது. பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் காகித வட்டத்தின் நடுப்புள்ளியைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் சுடுவது அவளுடைய ஆட்டம். பள்ளியில் தொடங்கியது, இப்போது ஈப்போவில் ஒரு கிளப் வரை போயிருக்கிறது. துப்பாக்கி, கிளப்பின் பெயரில்தான் இருக்கும், அங்கேயே பூட்டி வைப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அதனால் அவள் சுடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் இருக்கும் கேமரன் மலையை விட்டு இறங்கியாக வேண்டும்.

நான் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கிராணி, கணக்கு எழுதுகிறவன். சனிக்கிழமை எனக்குக் கொழுந்துக் கணக்கு முடிக்கும் நாள். என் மச்சானுக்கோ அன்றுதான் கம்போங் ராஜாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு ஈப்போ மார்க்கெட்டுக்குப் போகும் நாள். லோரியின் முன் சீட்டில் மருமகளை ஏற்றிக்கொண்டு போய்க் கிளப்பில் இறக்குவான். சரக்கைப் போட்டுவிட்டு வந்து, அவள் சுட்டு முடிக்கும்வரை பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பான். இரண்டு வருடமாக இப்படித்தான் நடந்தது. ஆறு நாள் சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பி, இருமினால் மருந்து தடவுகிறவன் நான். அவளுடைய நல்ல நாளைப் பார்க்கிறவன் அவன்.

போன வருடம் கோலா தெர்லா வளைவில், பனிமூட்டத்தில், சிநேகிதியின் மோட்டார் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து போனவளை எதிரே வந்த காய்கறி லோரி ஒன்று உரசித் தள்ளியது. வலது தோளின் காறையெலும்பு முறிந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த மச்சான்தான் தூக்கினான், தன் லோரியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கையில் கட்டு இருந்தது, அவன் சட்டையில் அவள் ரத்தம் இருந்தது. இன்றைக்கும் ரோட்டில் லோரியின் பிரேக் சீறினால் எழுதிக்கொண்டிருக்கும் என் கை நின்றுவிடுகிறது. மேசைக்கு எதிரே நிற்கிற ஆள் "என்ன கிராணி?" என்று கேட்ட பிறகுதான் திரும்பி வருவேன்.

எலும்பு கூடியது. ஆனால் தோள் ஒரு விரல் தாழ்ந்து கூடியது. கிளப்பில் எல்லோரும் மாற்றி மாற்றிச் சுடும் துப்பாக்கி அதற்குப் பிறகு அவள் உடம்பில் உட்காரவில்லை. அங்கே துப்பாக்கிப் பாகங்களைப் பூட்டித் தருகிற சீனர், இந்தத் தோளுக்குத் தனியாகப் பாகம் பாகமாகத் தேர்ந்து ஒன்று செய்தால்தான் மாநில அணித் தேர்வுக்கு நிற்க முடியும் என்று சொல்லியிருக்கிறார். சொன்னது மச்சானிடம்.

"தாய்மாமன் சீரா இருக்கட்டும் மச்சான்," என்றான் அவன், எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு. "பாப்பா பெரியவளானப்ப சடங்கு வேணாம்னுட்டீங்க. படிச்ச மனுஷன், சரி. இதையாச்சும் என்னைச் செய்ய விடுங்கலா."

பாதி நான் போடுவேன் என்றேன். எந்தப் பாகம் என்பதை நானும் சொல்வேன் என்றேன். "தாராளமா," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். தோளில் பதியும் பின்கட்டையை மரத்தில் செய்யலாம், அலுமினியத்திலும் செய்யலாம். மரம் எடை குறைவு. அலுமினியத்தில் ஒவ்வொரு இடத்தையும் திருகாணியால் ஏற்றி இறக்கலாம். கன்னம் வைக்கிற பலகை, தோள் வளைவுக்கான பின்தட்டு, கைப்பிடி, குழலின் நுனியில் கோக்கிற எடைகள், கண் வைக்கிற துளை என்று ஒவ்வொன்றிலும் பத்து வகை. எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: எது அந்தத் தோளுக்கு வலிக்காது? மரக்கட்டை, நுனியில் எடை வேண்டாம், பின்தட்டில் மெத்தென்ற ரப்பர். ஒருநாள் சாயங்காலம் மகளை நிற்க வைத்துத் தையல் டேப்பால் தோளையும் கையையும் அளந்துகொண்டேன். மச்சானிடம் சொல்லவில்லை.

பிறகு மேனேஜரிடம் கெஞ்சி ஒரு சனிக்கிழமை லீவு வாங்கினேன்.

லோரியில் மூன்று பேர். அவள் நடுவில் உட்கார்ந்தாள். சிம்பாங் பூலாய் இறக்கம் முழுவதும் இருவரும் எனக்குப் புரியாத பேச்சு பேசினார்கள். "போன வாரம் அஞ்சாவது என்னா ஆச்சு?" என்பான் அவன். "அவசரம் மாமா," என்பாள் இவள். உடனே இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

கிளப்பில் ஒரு நீள மேசையில் பச்சைத் துணி விரித்துப் பாகங்களை வரிசையாக வைத்திருந்தார் சீனர். என் அளவுகளை நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்த நீளத்துக்குக் கிளப்பின் கட்டை ஒன்றைப் பூட்டி அவளிடம் கொடுத்தார். அவள் சுடும்போது போடுகிற விறைத்த, தடித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்தாள். முகம் கண்துளைக்கு எட்டாமல் பின்னால் நின்றது.

"அப்பா," என்றாள், "ஸ்வெட்டரோட அளந்தீங்களா?"

ஆமாம். எங்கள் ஊர்க் குளிரில் ஸ்வெட்டரைத் துணி என்றே யாரும் நினைப்பதில்லை, அது உடம்பின் மேல் இன்னொரு தோல். அவள் ஸ்வெட்டருடன் நிற்பது என் கண்ணில் படவேயில்லை. ஜாக்கெட் அதைவிட இரண்டு மடங்கு தடிமன், துப்பாக்கியை முன்னால் தள்ளிவிட்டது.

"கேமரன்காரன் கணக்கு," என்றான் மச்சான். மகள் சிரித்தாள். சீனருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்தார்.

அடுத்தது, அவளுக்கான கட்டை எதில் என்பது. நான் மரத்தைத் தொட்டுக் காட்டினேன். மச்சான் அலுமினியத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான். "கனமா இருந்தாத்தான் பாப்பாவுக்கு நிக்கும். லேசா இருந்தா முனை ஆடும். நான் பின்னால உக்காந்து பாக்குறேன் இல்ல?"

"நீ பாக்குறது முனையை," என்றேன். "நான் பாக்குறது தோளை."

சீனர் அவளைப் பார்த்து மலாய் மொழியில் கேட்டார், எந்த இடத்தில் வலி என்று. நான் என் காறையெலும்பைத் தொட்டுக் காட்டி, இங்கே என்றேன். பையிலிருந்து நான் வாங்கி வந்திருந்த ரப்பர் அட்டையையும் எடுத்து வைத்தேன்.

அவள் அந்த ரப்பரைப் பார்த்தாள். பிறகு சீனரிடம் சொன்னாள், வலி இல்லை என்று. என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "வலிக்கிறதில்லப்பா. ரொம்ப நாளாவே வலிக்கிறதில்ல."

"தினமும் கேக்குறேனே. கொஞ்சம்னுதானே சொல்லுவே?"

"இல்லன்னு சொன்னா நீங்க நம்புறதே இல்ல. அமுக்கிப் பாப்பீங்க. கொஞ்சம்னு சொன்னா விட்டுருவீங்க."

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. என் மகளின் தோளில் வலி நின்றுபோன நாள் அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இத்தனை மாதம் ஆறிப்போன ஒரு இடத்துக்காக நான் ரப்பர் தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் அலுமினியத்தை எடுத்தாள். சீனர் பின்தட்டைத் தாழ்ந்த தோளுக்கு இறக்கினார். அவள் கண்ணை மூடி, மூச்சு விட்டு, மறுபடி திறந்து, துப்பாக்கி எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். கொஞ்சம் இடது என்றாள். மச்சான் "கால் நகர்த்து," என்றான். நான் "கன்னப்பலகையை ஏத்தச் சொல்லு," என்றேன். அவன் இல்லை என்றான், நான் ஆமாம் என்றேன். அவள் துப்பாக்கியைக் கீழே இறக்கினாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

"பாப்பா..."

"மாமா, நீங்களும்தான். போங்கலா."

வெளியே தகரக் கூரைக்குக் கீழே நின்றோம். ஈப்போ வெயிலில் எனக்கு முதுகு நனைந்தது. அவன் சிகரெட் பற்றவைத்து, என்னைப் பார்க்காமல் பேசினான்.

"உங்களுக்கு என் மேல காட்டம்னு தெரியும் மச்சான். எனக்கு உங்க மேல இல்லைன்னு நெனைக்கிறீங்களா?"

"எதுக்கு?"

"அன்னைக்கு லோரில படுக்க வச்சுக் கொண்டு வரேன். எலும்பு உடைஞ்சு கெடக்கு. அம்மான்னு கத்தல, மாமான்னு கத்தல. 'அப்பாகிட்ட மெதுவா சொல்லுங்க, அப்பா பயந்துருவாரு, அப்பாவை யாராச்சும் வண்டி ஓட்டிக் கூட்டிட்டு வரட்டும்'னு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அதே பாட்டு. ஓட்டுறவன் நான், நடுங்குறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு எரிஞ்சுச்சு. சத்தியமா எரிஞ்சுச்சு."

எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். கொஞ்சம் குளிர்ந்தது. ஆனால் உடனே இன்னொன்று எழுந்தது. அவள் அப்பா, அப்பா என்று சொன்னதைக் கேட்டது அவன் காது. அந்த வழி முழுவதும் பக்கத்தில் இருந்தவன் அவன். ஒரு வருடமாக அதைத் தனக்குள் வைத்துக்கொண்டு, எரிகிறது என்று வேறு சொல்கிறான்.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க ஏற்கனவே ஆடிப் போயிருந்தீங்க," என்றான். பிறகு, "அதோட, அந்த வார்த்தைய உங்களுக்குக் கொடுக்க மனசு வரல," என்றான்.

உள்ளே விசையை இழுக்கும் சத்தம் கேட்டது, குண்டு இல்லாமல் வெறும் டிக். இடைவெளி விட்டு மறுபடி ஒரு டிக். எங்கள் யோசனை இல்லாமல் அவள் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிகரெட்டை மிதித்து அணைத்தான். நான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தேன்.

"முடிஞ்சிருச்சு, வாங்க!" என்று அவள் குரல் வந்தது. அப்பா என்றும் சொல்லவில்லை, மாமா என்றும் சொல்லவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். அந்தக் கதவு ஒரு ஆள் நுழையும் அகலம்தான். அவன் என்னைப் பார்த்தான், கொஞ்சம் தயங்கினான். நான் அவனுக்கு வழி விடவில்லை.