கீழே ஓடிய இரண்டு நிழல்கள்

கொழும்பு வெள்ளவத்தைவாசியான நான் சிறிய விமானம் ஓட்டுபவன். ஒருநாள் தங்கை சுமதியை ஏற்றிக்கொண்டு, கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத ஓர் ஓடுபாதைக்குப் போனேன். அங்கே விமானிகளே தாங்கள் வரும் இடத்தை ரேடியோவில் ஒருவருக்கொருவர் அறிவிக்க வேண்டும். அவளோடு கதைப்பதற்காக ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தேன்; கூட்ட மறந்துபோனேன்.

“வேற பிளேன் வராதோ அண்ணா?”

“ஒருத்தரும் இல்லை. ஒரு சத்தமும் கேக்கேல்லைத்தானே.”

தரை நெருங்கியபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: “அண்ணா, கீழ ரெண்டு நிழல் ஓடுது.”

எங்களுக்கு நேர் கீழே இன்னொரு விமானமும் இறங்கிக்கொண்டிருந்தது. உடனே மேலே கிளப்பினேன்.

இறங்கிய பிறகு அந்த விமானி என்னை ஏசவில்லை. “நாலு தரம் கூப்பிட்டனான் தம்பி” என்றார்.

சுமதி பஸ்ஸில் கொழும்பு திரும்பினாள். இப்போது ரேடியோ அமைதியாக இருந்தால் முதலில் சத்தத்தைக் கூட்டிப் பார்க்கிறேன். பிறகு ஓடுபாதையைச் சுற்றிவந்து, கண்ணால் தேடிவிட்டே இறங்குகிறேன். ஒருவரும் இல்லை என்று யாருக்கும் சொல்வதில்லை.