குட்டி என்கிற காளை

தெருவில் எல்லோரும் அவளைக் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் உள்பக்கமாக வளைந்து, நிமிராமல் நிற்கும். கல்யாணமான இரண்டாம் வருஷம், கையில் கயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்தபோது ஒரு பசு மிரண்டு ஓடியதில் கிடைத்த பரிசு அது. கயிற்றைக் கையில் சுற்றாதே என்று கணவர் அதற்கு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். இடது முழங்காலுக்குக் கீழே குளம்பு பதிந்த பள்ளம் ஒன்று. முன்பல் ஒன்றில் பாதியைக் காணோம். எந்த மாடு, எந்த வருஷம் என்று கேட்டால் சொந்தக்காரர்களின் கல்யாணத் தேதியைச் சொல்வதுபோல் தடையில்லாமல் சொல்வாள்.

பண்ணையில் பதினோரு கறவைகள். கணவர், அவருடைய தம்பி, அவள், மூன்று பேர்தான் வேலைக்கு. கொழுந்தன் தீவனமும் வண்டியும் பார்ப்பான். சாணம் வாருவது, கழுவுவது, கறப்பது எல்லாம் கணவனும் மனைவியும். விடிவதற்கு முன்னால் எழுந்தால் முதல் அரைமணி நேரம் யாரும் யாரோடும் பேசுவதில்லை. கறவை முடிந்ததும் டீ. அதைக் கொக்கி உட்கார்ந்து குடிக்கமாட்டாள். 'மேனேஜர்' என்று பெயர் வைத்த கிழட்டுப் பசுவின் விலாவில் முதுகைச் சாய்த்து, அதன் வயிறு கடமுடவென்று உருளுவதைக் கேட்டுக்கொண்டே குடிப்பாள். குளிர்காலத்தில் அதைவிட நல்ல நாற்காலி எந்த வீட்டிலும் இல்லை என்பது அவள் கட்சி. ஒரு வேலையும் செய்யாமல் எல்லாவற்றுக்கும் முதலில் வந்து நிற்பதால்தான் அந்தப் பசுவுக்கு மேனேஜர் என்று பெயர்.

மற்றபடி அது உதையும் இடியுமான பிழைப்பு. தலைப்பிரசவப் பசு ஒன்று கன்று மாட்டிக்கொண்டு கிடந்தபோது, தோள்வரை கையை விட்டுக் கன்றின் முன்னங்கால்களில் கயிறு போட்டவள் அவள்தான். மூன்று பேரும் காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார்கள். பசு கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன. கன்று வந்து விழுந்தது, பசு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கன்றுதான் குட்டி.

காளைக்கன்று. வழக்கப்படி விற்றிருக்க வேண்டும். கணவர் அதைச் சமையலறைக்குள் கொண்டுவந்து சாக்கு விரித்துப் போட்டார். புட்டியில் பால் கொடுத்தார். அது நிற்க ஆரம்பித்ததும் சாயங்காலங்களில் ஒரு விளையாட்டு பழக்கினார். அவர் முற்றத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டுவார், குட்டி ஓடிவந்து நெற்றியால் முட்டும். அவர் வேண்டுமென்றே மல்லாந்து விழுவார். அதிகம் சிரிக்காத மனிதர், அப்போது மட்டும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். கொக்கியும் வாசற்படியில் நின்று சிரித்திருக்கிறாள், இல்லையென்று சொல்ல முடியாது.

மாட்டு டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கையால் வளர்த்த காளைக்கு மனுஷன்மேல் பயம் இருக்காது, நம்மையும் ஒரு மாடு என்றே நினைக்கும், வயசுக்கு வந்ததும் யார் பெரியவன் என்று பார்க்கும், கொடுத்துவிடுங்கள் என்றார். கணவர் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் செய்யமாட்டார் என்று அர்த்தம்.

இரண்டு வருஷத்தில் அது அறுநூறு கிலோ ஆனது. அப்போதும் பெயர் குட்டிதான்.

அன்று காலை கறவை முடிந்து, கொக்கி நிறைந்த வாளியோடு கொட்டகையை விட்டு வெளியே வந்தாள். காளை அடைப்பிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. நனைந்த மூட்டையைச் சுவரில் அடிப்பதுபோல. பிறகு இன்னொரு முறை. எட்டிப் பார்த்தால், குட்டி தலையைத் தாழ்த்திக் கணவரைச் சிமெண்ட் தொட்டியோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. காளை இரண்டடி பின்வாங்கி மறுபடி இடித்தது.

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். வாளிப் பாலை அப்படியே அதன் முகத்தில் வீசினாள். ஒரு கணம் அது கண்ணைச் சிமிட்டித் தும்மியது. அந்த ஒரு கணத்தில் சாணம் வாரும் மண்வெட்டியை எடுத்து மூக்கில் அடித்தாள். தட்டையாக அல்ல, விளிம்பால். இரத்தமும் பாலும் அவள் முகத்தில் தெறித்தன. மறுபடி அடித்தாள். காளை அவரை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியது.

கொழுந்தன் ஓடிவந்து, அடைப்புக் கம்பிக்கு அடியில் கையை விட்டு அண்ணனின் காலைப் பிடித்து வெளியே இழுத்தான். அவர் கத்தியது அப்போதுதான். கொக்கி கம்பிமேல் ஏறினாள். அவள் நின்ற இடத்தில் காளை மோதியது, கீழ்க்கம்பி வளைந்து வெளியே வந்தது. அவள் அந்தப் பக்கம் தலைகுப்புற விழுந்தாள். எழுந்து முதலில் செய்த காரியம், கதவின் கொண்டியைப் போட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டிக் கணக்குச் சொன்னார். நான்கு விலா எலும்புகள், ஒரு தோள்பட்டை. நுரையீரல் தப்பித்தது அதிர்ஷ்டம்.

"இந்த அஞ்சாவது விலா முறிவு பழசும்மா. ஒன்றரை மாசம் இருக்கும், கூடிக்கிட்டு வருது. அப்ப யாரு பார்த்தது?"

யாரும் பார்க்கவில்லை. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் சாணத்தில் வழுக்கிவிட்டேன் என்று வந்து நின்றவருக்கு அவள் எண்ணெய் தேய்த்துவிட்டிருந்தாள். கண்ணைத் திறந்து பார்த்து நடக்கக்கூடாதா என்று திட்டியும் இருந்தாள். இப்போது கட்டிலருகே போய்க் கேட்டாள். அவர் கூரையைப் பார்த்தார். அது விளையாடியது, அதற்குத் தன் பலம் தெரியவில்லை, அவ்வளவுதான் என்றார். வீட்டுக்கு வந்து நான் பேசிக்கொள்கிறேன், அதுவரை யாரும் அதைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். மூச்சு வாங்கி வாங்கித்தான் சொன்னார்.

"யாருகிட்ட பேசுவீங்க? மாட்டுகிட்டயா?" என்றாள்.

அவர் வீட்டுக்கு வந்தால் முதல் நாளே அந்த அடைப்புக்குள் போவார். அடுத்த தடவை எண்ணுவதற்கு எலும்பு மிஞ்சாது. பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் இறைச்சிக்கடை வண்டி வந்தது. கூட நான்கு ஆட்கள். குட்டி முதல் ஆளைச் சுவரோடு தூக்கி எறிந்தது. இரண்டாவது ஆள் தானாகவே வெளியே ஓடிவிட்டான். மூக்கு வளையத்தில் கயிறு மாட்டி, வண்டிக் கம்பியில் கொடுத்து இழுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. சாய்வுப் பலகையில் கால் வைக்க மறுத்து அது படுத்துக்கொண்டது. கொழுந்தன் அழுவதுபோல் நின்றான்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன பதில் சொல்றது?"

"பதில் சொல்ல அவர் உயிரோட இருந்தா போதும். நீ பின்னாடி வா."

இரும்புக்குழாயை அவளே எடுத்தாள். முப்பது வருஷத்தில் ஒரு மாட்டையும் அப்படி அடித்ததில்லை. கை மரத்துப் போகும்வரை அடித்தாள். அது எழுந்து, முக்காரமிட்டு, ஏறியது. கதவை மூடியபிறகும் உள்ளேயிருந்து பலகைமேல் இடித்துக்கொண்டே போனது. கொக்கி குழாயைக் கழுவி மூலையில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று கறக்க உட்கார்ந்தாள். மாடுகளெல்லாம் மிரண்டு போயிருந்தன. அன்று பாதிப் பாலைத்தான் விட்டன. மேனேஜர் ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் கணவர் வந்தார். அவர் கொட்டகைக்குப் போகும் முன்பே வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டாள். சத்தம் போட வாயைத் திறந்தார். விலா விடவில்லை. அதனால் அவ்வளவு கோபத்தையும் இரகசியம் சொல்வதுபோல் சொல்ல வேண்டியிருந்தது.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா தலையாட்டியிருப்பீங்க. முதல் தடவை இடிச்சப்பவே நீங்க என்கிட்ட சொல்லியிருக்கணும். சாணத்துல வழுக்குச்சாம்."

அவர் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைச் சுவரில் எறிந்தார். எறிந்த வலியில் தானே மடங்கி உட்கார்ந்தார். அவள் கண்ணாடியைப் பெருக்கினாள், அவரைத் தூக்கிவிடவில்லை. நான்கு நாள் பேச்சு இல்லை. தட்டு அவர் முன்னால் வரும், காலியாகித் திரும்பிப் போகும். தம்பிதான் நடுவில் தபால்காரன்.

ஐந்தாம் நாள் காலை, புதிதாக ஈன்ற இளம் பசு ஒன்று கறக்கவிடாமல் உதைத்தது. வாளி உருண்டது. கொக்கியின் தொடையில் ஒன்று விழுந்தது. அவள் திட்டும் சத்தம் கேட்டு அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல கையால் பசுவின் வாலைத் தூக்கிப் பிடித்தார். அவள் மறுபடி உட்கார்ந்தாள். நுரை ஏற ஆரம்பித்தது. பசு சட்டென்று காலை மாற்றி அவர் முழங்காலில் ஒன்று வைத்தது.

அவர் பல்லைக் கடித்தார், வாலை விடவில்லை.

"இப்ப இது என்னை உதைச்சுது. வலது முழங்கால். சொல்லிட்டேன்."

"எவ்வளவு பலமா?"

"நீ உதைக்கிற அளவுக்கு இல்ல."

அவள் கறப்பதை நிறுத்தவில்லை. வாலை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள்.