கடைமடையில் ஒரு மத்தியானச் சாப்பாடு

ஆற்றில் தண்ணீர் இல்லையென்று உங்களை யாராவது திட்டியிருக்கிறார்களா? டூர் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து பாருங்கள், அந்தப் பாக்கியமும் கிடைக்கும். மகளை அங்கன்வாடியில் விட்டுவிட்டு, கேரளத்துத் தம்பானூரில் மாடிப்படி ஏறி, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் டூருக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாடு மட்டும் என் பிறந்த ஊரில். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் அது. செல்வி அக்காவும் நாலு பெண்களும் சமைத்துப் போடுகிறார்கள். எங்கள் முதலாளி அண்ணாச்சியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய நிறுத்தம். அதை எடுத்துவிடலாமா என்று அவர் யோசிக்கும்படி வந்த புகார்களைக் கேளுங்கள், கவுண்டர்த் தோழிகளே.

தண்ணீர் கூடுதல்

போன கார்த்திகையில் பேய் மழை. மேலிருந்து வருகிற வெள்ளமெல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தானே கடலுக்குப் போகணும்? ரோட்டில் முழங்கால் தண்ணீர். பஸ் மூன்று மணி நேரம் நின்றுவிட்டது. பயிர் அழுகுதே என்று அங்கே செல்வி அக்கா அழுகிறாள். பஸ்ஸிலிருந்த ஒரு சார் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்: "ஒரு அளவு வச்சு தண்ணி விடச் சொல்லக்கூடாதா மோளே? அங்கே ஆபீசர்மார் ஆரும் இல்லையோ?"

நோட்டீசில் ஓடிய ஆறு

சித்திரையில் நேர் எதிர். அணையை அடைத்திருக்கிற மாதத்தில், கரை தொட்டு ஓடும் காவிரியை நோட்டீசில் போடாதீங்க என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். அண்ணாச்சி கேட்டால்தானே! டூர் முடிந்து வந்த டீச்சரம்மா அந்தப் படத்தை விரலால் தட்டினார். அணையைத் திறந்தாலும் ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று சுற்றி எங்கள் ஊர் சேர நாளாகும் என்று விளக்கினேன். மலையிலிருந்து நேரே கடலுக்கு ஓடும் ஆறுகளையே பார்த்து வளர்ந்தவர் நம்புவாரா? "உங்க ஆத்துல பிள்ளேரு கிரிக்கெட் களிக்குது. ஆத்துக்கும் வெக்கேஷனா?"

நிலக்காரி

தஞ்சாவூர்ப் பக்கம் என்றாலே நிலபுலன் உள்ளவள் என்று நினைப்பு. "பின்னே எதுக்கு சேச்சி இங்கே வேலைக்கு வந்தீங்க?" என்றான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன். எங்கப்பா அறுத்ததெல்லாம் அடுத்தவர் வயல், தம்பி. பெரிய கோபுரத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள், அந்தக் கோயில்களுக்கு நெல் அளந்த ஊர்களைத் திரும்பிப் பார்த்தால் என்ன? எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அப்போ அந்த ஊர்ல காணுறதுக்கு ஒண்ணும் இல்லை, அல்லே?"

அண்ணாச்சியின் பேனா

புரட்டாசி டூர் அட்டவணையில் எங்கள் ஊரை அடித்தேவிட்டார் அண்ணாச்சி. "கோயிலா குளமா, என்னம்மா இருக்கு அங்க? உப்புக் காத்துதான்."

எனக்கு வந்ததே கோபம்! "தண்ணிதான் கடைசியா வருது, பஸ்ஸும் வரக்கூடாதா? நீங்களே செல்வி அக்காகிட்ட சொல்லுங்க" என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அவர் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டாள். கடைசி வாய்க்கால் வரை தண்ணீர் வந்துவிட்டதாம். சமைக்கிற ஐந்து பேரும் நடவு வயலில் நிற்கிறார்களாம்.

ஊருக்காக முந்தானையைச் செருகிக்கொண்டு நான் இங்கே சண்டைக்கு நின்றால், ஊர் அங்கே சேற்றில் இறங்கிவிட்டது.

ஸ்பீக்கரில் அக்கா தொடர்ந்தாள்: "இந்த மாசம் மட்டும் பஸ்ஸை வேற பக்கம் திருப்பிக்குங்க அண்ணாச்சி. நடவு முடிஞ்சதும் நாங்களே கூப்பிடுறோம். அதுவரைக்கும் அந்த மத்தியானத்தை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."