அழித்துவிட்டு எழுதிய கங்ராட்ஸ்

தமிழில் எழுதியதை அன்று ஏன் அழித்தேன்?

பள்ளியில் ஆறு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள். அரசு வேலைக்கான தேர்வை நான்கு முறை எழுதி, போன மாதம் தேறிவிட்டாள். செய்தியை முகநூலில் போட்டிருந்தாள். மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பார்த்தேன். கண் கலங்கிவிட்டது. "ஏய் லூசு, ஜெயிச்சிட்டடி!" என்று ஒரு கையால் எழுதினேன்.

அனுப்பும் நேரத்தில் தயக்கம். என் நாத்தனார் பார்ப்பார். மகளுடைய பள்ளி அம்மாக்கள் பார்ப்பார்கள். அத்தனை பேரும் ஆங்கிலத்தில் வாழ்த்தியிருக்கும் இடத்தில் இது என்ன பேச்சு என்று நினைத்துவிட்டால்? அழித்தேன். மேலே யாரோ எழுதியிருந்த 'கங்ராஜுலேஷன்ஸ் டியர், சோ ப்ரௌட் ஆஃப் யூ' என்பதை ஆங்கிலத்தில் அப்படியே பார்த்து எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். அவளும் எல்லோருக்கும் போட்டதுபோல எனக்கும் ஓர் இதயம் போட்டாள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாள் நினைவுக்கு வருகிறது. நகரத்தில் பிரவுசிங் சென்டரில் என் மதிப்பெண்ணோடு அவளுடையதையும் பார்த்துவிட்டு, அவள் ஊரான அடி அண்ணாமலை வரை வெயிலில் சைக்கிள் மிதித்தேன். அங்கே கிரிவலப் பாதையில் அவள் அம்மா கடை வைத்திருந்தார். "சனியனே, ரெண்டு பேரும் பாஸுடி!" என்று தெருவிலிருந்தே கத்தினேன். அவள் ஓடிவந்து என் முதுகில் ஒரு குத்து விட்டாள். நல்ல சேதி கொண்டு வருபவர் வாயில் சர்க்கரை போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். "வாயத் தொற கண்ணு" என்று அவள் அம்மா ஒரு பிடி சர்க்கரையைத் திணித்துவிட்டார். இருமலும் சிரிப்புமாக, யார் என்ன பேசினோம் என்றே தெரியவில்லை. 'வாழ்த்துகள்' என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

போன வாரம் மகளோடு போயிருந்தபோது தேரடி வீதியில் ஒரு துணிக்கடையில் அவளைப் பார்த்தேன். வேலைக்குச் சேர புதுப் புடவை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நூறு பேருக்கு மேல கங்ராட்ஸ் போட்டிருந்தாங்கடி. உன்னுது எதுன்னு தேடினேன். கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆச்சு."

"போட்டேனே!"

"போட்ட. மேல இருந்ததையே போட்ட." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "காப்பி அடிக்கிற புத்தி இன்னும் போகல உனக்கு."

நானும் சிரித்தேன். பஸ் வந்துவிடும் என்று கிளம்பிவிட்டாள். மகள் கன்னத்தைக்கூடக் கிள்ளவில்லை. அவசரமாக இருந்திருக்கலாம். அன்று மாலையே "கோவமாடி?" என்று அனுப்பினேன். பார்த்திருக்கிறாள், பதில் இல்லை.

"ஜாஸ்தி யோசிக்கிற. போன் பண்ணிப் பேசிடு" என்கிறார் கணவர். போனில் இதை எப்படிப் பேசுவது?

திங்கட்கிழமை அவள் வெளியூரில் வேலையில் சேர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் குழந்தையோடு அவள் வீட்டுப் பக்கம் போக முடியாது. சனிக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது. இத்தனை நாள் கழித்துப் போய் நின்றால், அவள் சொன்னதற்காக வந்ததுபோல் ஆகிவிடாதா? போகாமல் விட்டால் அதோடு முடிந்துவிடுமோ?

உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். நேரில் போகட்டுமா? போனால், வாய் திறந்ததும் முதலில் என்ன சொல்லட்டும்?