என் கண்ணால் பார்த்தேன் என்றேன்

என் பேத்திக்கு வலிப்பு நோய் கிடையாது. என்றைக்குமே இருந்ததில்லை. இருக்கிறது என்று சொன்னவன் நான்!

திடுக்கிடுகிறீர்களா? எழுதுகிற எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை... ஒரு வருடத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

நான் யார் தெரியுமா? அடையாறு ஆற்றங்கரைக் குடிசையில் பிறந்தவன். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இரும்புக் குழாயைத் தோளில் சுமந்தவன். இன்றைக்கு மந்தைவெளியில் பைப்பு, மோட்டார் என்று எது கேட்டாலும் என் கடைக்குத்தான் கையைக் காட்டுவார்கள். என் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை! அந்த மரியாதையை வைத்துத்தான் அந்தப் பிள்ளையைச் சாய்த்தேன்.

தர்ஷினி என் மகள் வயிற்றுப் பேத்தி. மருமகன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் தி.நகர் புடவைக் கடைக்கு வேலைக்குப் போக, பிள்ளையை வளர்த்தவன் நான்.

அவள் ஓட்டக்காரி. மைதானத்தைச் சுற்றுகிற ஓட்டம் இல்லை; மணல், சேறு, மேடு, பள்ளம் எல்லாம் தாண்டுகிற கிராஸ் கன்ட்ரி! விடிகாலையில் சாந்தோம் மணலில் அவள் ஓட, நான் சாலையோரம் ஸ்கூட்டரில் கூடவே போய்க் கத்துவேன். அவள் வாங்கிய மெடலையெல்லாம் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். குழாய் வாங்க வந்தவன் மெடல் கதையைக் கேட்காமல் போக முடியாது.

பதினாறு வயதில் ஒரு நாள் வந்து சொன்னாள். "தாத்தா, இனிமே ஓடல. ஸ்கூல்ல படகு டீம் எடுத்தாங்க. செலக்ட் ஆயிட்டேன்."

"இன்னா படகு? எங்க?"

"நம்ம அடையாறு ஆத்துலதான். நாலு பேரு சேந்து துடுப்பு போடணும்."

நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு தப்பி வந்த ஆறு! அதில் போய் இறங்குகிறாளாம்!

"காலு நல்லாத்தானே கீது? ஏன் உட்டுட்ட?"

"ஓடறப்போ ஒரே தனியா இருக்கு தாத்தா. உங்க ஸ்கூட்டர் சத்தம் மட்டும்தான் கேக்குது. இங்க நாலு பேரும் ஒண்ணா மூச்சு வுடறோம். செம்மயா இருக்கு!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு காலையில் பாலத்தின் மேல் நின்று பார்த்தேன். நாலு பெண்கள். ஒரே சட்டை, ஒரே தொப்பி, ஒன்று போலக் குனிந்து நிமிர்கிறார்கள். அதுவும் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! கூட நடக்க வந்தவர் கேட்டார்: "இன்னா மாமா, இதுல உன் பேத்தி எது?"

எனக்குத் தெரியவில்லை... என் பிள்ளையை என்னால் காட்ட முடியவில்லை!

"சரி உடு, நாலுத்துக்கும் நீயே தாத்தாவா இருந்துக்க!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன். இவ்வளவு அற்பமான காரணமா என்கிறீர்களா? நானும் வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

போட்டிக்கு முன்னால் வீட்டுப் பெரியவரை வரச் சொன்னார்கள். மகளுக்குக் கடையில் பண்டிகைக் கூட்டம், நான் போனேன். பயிற்சி தருகிறவள் சின்னப் பெண். மரியாதையாக நாற்காலி போட்டாள்.

"பாப்பாவுக்கு ஆஸ்துமா, வலிப்பு, அந்த மாதிரி ஏதாவது இருந்திருக்கா ஐயா? தண்ணி விஷயம்... அதான் கேக்கறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். ஒரே வார்த்தை!

"வலிப்பு வந்துகீதும்மா. சின்னதுல, ரெண்டு தபா. என் கண்ணால பாத்தேன்."

படகு போனால் ஓட வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு பெரிய முட்டாள்! பள்ளிக்கூடத்துக்குச் செய்தி போயிற்று. ஓட்டத்துக்குப் பழக்கிய மாஸ்டரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். டாக்டர் சொல்லாமல் ஓட விட மாட்டாராம். ஆறும் போயிற்று, மணலும் போயிற்று!

"இன்னா நைனா இது? எப்போ வந்துச்சு? பெத்தவகிட்ட சொல்ல மாட்டியா?" என்று மகள் கத்தினாள்.

"நீ வேலைக்குப் போயிருந்த. பயந்துடுவேன்னு சொல்லல."

அதற்குமேல் அவள் என்னைத் திட்டவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போனேனே என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள்... நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் தலையைப் படம் எடுக்கச் சொன்னார், இன்னும் என்னென்னவோ பார்த்தார். எதிலும் ஒன்றும் இல்லை. அப்பாடா, தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன்.

"மிஷின்ல தெரியலன்னா இல்லவே இல்லன்னு சொல்லிட முடியாது. நேர்ல பாத்தவங்க சொல்றது எங்களுக்கு ரொம்ப முக்கியம். நீங்க சொல்லுங்க ஐயா."

டாக்டர், மகள், பேத்தி, மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நாலாவது படித்தவன் சொல் மிஷினுக்கும் மேலே! அந்த நேரத்திலும் என் நெஞ்சு ஒரு கணம் நிமிர்ந்தது... சீ! என்ன பிறவி நான்?

எப்போதோ கடைவாசலில் ஓர் ஆளுக்கு வலிப்பு வந்ததைப் பார்த்திருந்தேன். அதை அப்படியே என் பேத்தி மேல் ஏற்றிச் சொன்னேன். கண் சொருகியது, பல் கிட்டியது, நுரை தள்ளியது... எல்லாம்! டாக்டர் குறித்துக்கொண்டார். இப்போதைக்குத் தண்ணீர் பக்கம் போக வேண்டாம் என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பது தெரியுமா? அவள் தாழ்ப்பாள் போடாமல் குளிக்கிறாள். பதினேழு வயதுப் பெண்! அவள் அம்மா வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"தர்ஷி?"

"இருக்கேம்மா."

"தர்ஷி?"

"இருக்கேம்மா!"

கூடத்தில் உட்கார்ந்து நான் இதைக் கேட்கிறேன். தினமும்.

ஏன் இன்னும் சொல்லவில்லை? சொன்னால் மகள் என்னை நைனா என்று கூப்பிடுவாளா? கடைத்தெருவில் என் சொல் நிற்குமா? பாருங்கள், இப்போதும் நான் என்னைப் பற்றித்தான் யோசிக்கிறேன்!

போன வாரம் தர்ஷினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, அது வர்றதுக்கு முன்னாடி எனக்கு எதுனா ஆச்சா? சில பேருக்கு முன்னாடியே தெரிஞ்சிடுமாம். தெரிஞ்சா நான் துடுப்பை வெச்சிட்டு உஷாராயிடுவேன்ல? கோச் அக்காகிட்ட கேட்டுப் பாக்கலாம்னு..."

உண்மை பல்வரை வந்தது. சத்தியமாக வந்தது!

"இடது கை விரலு லேசா துடிச்சுது கண்ணு," என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல தாத்தா!" என்று எழுந்து போனாள்.

அன்றிலிருந்து சாப்பிடும்போது இடது கையை மேசை மேல் விரித்து வைத்துக்கொள்கிறாள். ஒரு வாய் சாப்பிடுகிறாள், விரல்களைப் பார்க்கிறாள். மறுபடி ஒரு வாய்... மறுபடி விரல்கள்.

எதிரில் உட்கார்ந்து நானும் சாப்பிடுகிறேன்.